வெள்ளிக்கிழமையில் கழித்தல்

எனக்குக் கணக்கு வராது என்று ஊரில் சொன்னார்கள். அது முழுப் பொய். எனக்குக் கூட்டல் வரும், பெருக்கல் வரும், நூற்று எட்டில் இருந்து பத்தொன்பதைக் கழிக்கச் சொன்னால் கழிப்பேன். பல்லுறுப்புக் கோவைகளைக் கழிக்கச் சொன்னால்தான் வராது. அந்த ஒரே காரணத்துக்காகப் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றிருந்தேன். முதல் முறை இருபத்தொன்று, இரண்டாம் முறை இருபத்து நாலு. மூன்று மார்க் முன்னேற்றம் என்று நைனா என்னைத் தேற்றினார். இதே வேகத்தில் போனால் இன்னும் நாலு தடவையில் பாஸ் ஆகிவிடலாம் என்று என் தங்கை கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்குப் பத்தொன்பது.

நான் பாஸ் பண்ண நினைத்ததற்குக் காரணம் ஒரு கைக்கடிகாரம். உத்திரமேரூரில் இருந்து வாரம் ஒரு நாள் எங்கள் ஊருக்கு ஒரு நர்சம்மா சைக்கிளில் வருவார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். யார் கையையாவது பிடித்து அதைப் பார்த்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். ஏரி மதகுப் பஞ்சாயத்தில் கூட அடங்காத பெண்கள் அந்த அம்மாவிடம் அடங்குவார்கள். எனக்குச் சேவை மனப்பான்மை இருந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அந்தக் கடிகாரம் வேண்டும், அந்தச் சைக்கிள் வேண்டும், நான் பேசும்போது மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அதற்கு நர்ஸ் பயிற்சியில் சேர வேண்டும், சேர்வதற்குப் பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும்.

பாஸ் ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுடைய தம்பி, அதாவது என் மாமா, சாலவாக்கம் பக்கத்தில் இரண்டு ஏக்கரும் ஒரு பம்பு செட்டும் வைத்திருந்தார். அக்டோபர் பரீட்சையிலும் நான் தோற்றுவிட்டால் தை பிறந்ததும் அவருக்கும் எனக்கும் கல்யாணம். மாமா நல்ல மனுஷர். குறை சொல்ல அவரிடம் ஒன்றும் கிடையாது. வாரா வாரம் ஒரு பை கத்திரிக்காயோடு வருவார், வந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசுவார். மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி எரிந்தது, புதுக் காயில் கட்டியது, கட்டிய காயில் மறுபடி எரிந்தது. இதை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாலே கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவேன்.

இந்த நிலைமையில்தான், என் கணக்குப் புத்தகத்தைத் தானாகவே போட்டு முடித்திருந்த தங்கை எனக்கு வாத்தியார் ஆனாள். சும்மா ஆகவில்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை தாவணியை நான் துவைக்க வேண்டும், அவள் பங்குத் தண்ணீரையும் நானே இறைக்க வேண்டும், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளுக்கு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முதல் நாள் அவள் எனக்குப் பத்துக் கணக்கு கொடுத்தாள். அவற்றைத் திருத்திவிட்டு, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"உனுக்கு வகுத்தல் தெரிது, வர்க்கமூலம் தெரிது. ஆனா அதுக்கு நடுவுல கயிக்கிறப்போ எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துடற."

சரியாகத்தான் சொன்னாள். கோவைகளை வகுத்தாலும் வர்க்கமூலம் எடுத்தாலும் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் வரும். அங்கே ஒரு குறி தப்பினால் அதற்குக் கீழே போடுவதெல்லாம் வீண். நான் இரண்டு வருஷமாகப் பக்கம் பக்கமாக வீணாகப் போட்டிருந்தேன்.

ஆரம்பத்தில் இருந்து வருவோம் என்று ஒத்த உறுப்புகளில் தொடங்கினாள். x² என்றால் x² கூடத்தான் சேரும், x என்றால் x கூடத்தான் சேரும், இரண்டையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்றாள்.

"மூணு ஆடு, ஏயு மாடு. கூட்டினா இன்னா வரும்?" என்று கேட்டாள்.

"பத்து உருப்படி."

"அப்டி சொல்லக் கூடாது."

"ஏன் கூடாது? மாடு மேய்க்கிறவர் சாயந்தரம் ஓட்டிக்கினு வந்தா பத்து உருப்படி வந்துச்சின்னுதான சொல்றாரு? ஆடு தனி, மாடு தனின்னா சொல்றாரு?"

தங்கை நோட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டாள். பிறகு, "அவரு பரீட்ச எய்தல. நீ எய்தற," என்றாள். ஒத்த உறுப்புகள் அன்றோடு முடிந்தன.

கழித்தலுக்கு வந்தோம். மேலே 5x² − 3x. அதிலிருந்து 2x² − 7x ஐக் கழிக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு 3x² − 10x என்று எழுதினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். விடை 3x² + 4x என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"மேலயும் மைனஸ்சு, கீயயும் மைனஸ்சு. பிளஸ்சு எங்கேந்துடி வந்துச்சி? இல்லாதத எடுத்துக்கினு போனா எப்டி அதிகமாவும்?"

"ஆவும். மைனஸ்ஸ எடுத்தா பிளஸ்சு. அந்த ஏயு போச்சி. எடுத்தாச்சி. அது இப்போ இல்ல."

அந்த நேரம் பார்த்து அம்மா விளக்கேற்றத் தீப்பெட்டியோடு வந்தாள்.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் வாயில் இருந்து 'இல்லை' என்ற சொல் வராது. அரிசிப் பானை காலியானால், "அரிசி நெறைஞ்சிகீது, போயி வாங்கிக்கினு வா" என்பாள். மஞ்சளும் அப்படித்தான், எண்ணெயும் அப்படித்தான். எங்கள் வீட்டில் எதுவும் தீராது, நிறையும். வெளியூரில் இருந்து புதிதாக வந்து மளிகைக் கடை போட்டவர் ஒருமுறை, "நெறைஞ்சிகீதுன்னா அப்றம் இன்னாத்துக்கு வந்த?" என்று என்னைக் கேட்டுவிட்டார். அம்மா அதோடு அந்தக் கடையையே விட்டுவிட்டாள். நைனாவும் லேசுப்பட்டவர் அல்ல. அவர் மண்டியில் நெல் அளப்பவர். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார், லாபம் என்பார். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போகும். விளக்கு வைத்த நேரத்திலும் வெள்ளிக்கிழமையிலும் இந்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்கு. போச்சு, தீர்ந்தது, எடு, இல்லை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளாம்.

அப்படிப்பட்ட வீட்டில், அப்படிப்பட்ட நேரத்தில், என் தங்கை உரத்த குரலில் போச்சி, எடுத்தாச்சி, இல்ல என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அம்மா.

"கயிக்கிறோம்மா."

"வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்ல ஒக்காந்துக்கினு கயிக்கிறீங்களா? மூடுங்கடி நோட்ட."

அன்றைக்குச் சட்டம் போட்டுவிட்டாள். விளக்கு வைத்த பிறகு கழித்தல் கிடையாது. வெள்ளிக்கிழமை நாள் முழுக்கக் கிடையாது. ஆடி பிறந்ததும் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது. தங்கை பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்து மணி ஆகும். ஆறு மணிக்கு விளக்கு. சனி, ஞாயிறிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் உட்கார மாட்டாள். ஆக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். இதில் நான் எங்கே பாஸ் ஆவது?

எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன, உறுதியாகவே நம்பினேன். அம்மாவுக்குத் தன் தம்பி முக்கியம். நான் தோற்றால்தான் கல்யாணம் நடக்கும். அதற்காகத்தான் லட்சுமியையும் விளக்கையும் காட்டி என் கழித்தலுக்குப் பூட்டுப் போடுகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆள் நான் இல்லை. ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"உன் தம்பிக்குக் கட்டி வெக்கத்தான இதெல்லாம் பண்ற?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கல்லு கில்லு கீதான்னு பாத்து ஒலைல போடு," என்று அரிசியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதை நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன். அன்றில் இருந்து அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவள் தங்கைதான். என் மேல் இருந்த பாசத்தால் அல்ல. பாடம் இல்லாத நாளில் அவளுடைய துணியை நான் தொட மாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுவதற்காக அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. துணி மலையாகக் குவிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கயிக்கவே வேணாம். அடியில கீற கோவைக்குக் குறிய மாத்திடு. பிளஸ்ஸ மைனஸ் ஆக்கு, மைனஸ்ஸ பிளஸ் ஆக்கு. அப்றம் கூட்டிடு. அவ்ளோதான்."

அம்மா உள்ளே இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கி வெள்ளிக்கெயம," என்று குரல் வந்தது.

"கூட்டல்தாம்மா போடறோம்."

"கூட்டல்னா போடுங்க. நல்லா போடுங்க."

5x² − 3x மேலே. கீழே இருந்த 2x² − 7x, குறி மாறி −2x² + 7x ஆனது. கூட்டினேன். 3x² + 4x. இரண்டு வருஷமாக வராத விடை வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. அடுத்ததில் முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். "வாசல்ல நிக்கிறவனுக்கு மட்டும் மாத்தினா போதுமா? உள்ள கீறவங்க எல்லாருக்கும் மாத்து," என்று தலையில் குட்டினாள். மாற்றினேன். அன்று இருபது கணக்கு போட்டேன், பதினெட்டு சரி. அரிசி இல்லை என்பதை நிறைந்திருக்கிறது என்று மாற்றிச் சொல்லி, பிறகு வாங்கிக் கொட்டுகிற வீட்டில் பிறந்த எனக்கு இது எப்போதோ புரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் தங்கையின் துணியோடு அவள் கேட்காமலேயே போர்வையையும் துவைத்துப் போட்டேன்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எந்தக் கோவையைப் பார்த்தாலும் கை தானாகக் குறியை மாற்றியது. புரட்டாசியில் பரீட்சை அட்டவணை வந்தது. கணக்கு, வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கெயமையிலயா வெப்பாங்க?" என்று அம்மா அதிகாரிகளை ஒரு பாட்டம் திட்டினாள். காலையில் எனக்குத் திருநீறு பூசிவிட்டு, "அங்க போயி கயிக்கிற வேலையெல்லாம் வெச்சிக்காத. குறிய மாத்திக் கூட்டிட்டு வா," என்றாள். அவள் மேல் நான் கோபமாக இருந்தாலும் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

உத்திரமேரூரில் பரீட்சை. கேள்வித்தாளில் A = 3x² − 5x + 2, B = x² + 4x − 7 என்று கொடுத்து, முதலில் A + B, பிறகு A − B காணச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மார்க். பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. B-யின் குறிகளை எல்லாம் மாற்றினேன், கூட்டினேன். 2x² − 9x + 9. அடுத்ததற்கும் B-யின் குறிகளை எல்லாம் மாற்றினேன், கூட்டினேன். அதுவும் 2x² − 9x + 9. இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது. ஒரு தடவை வந்தால் தப்பாக இருக்கலாம், இரண்டு தடவையும் அதே வந்தால் சரியாகத்தானே இருக்கும்? அடிக்கோடு போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆறு இட்லி சாப்பிட்டேன். தங்கை கேள்வித்தாளை வாங்கி வரிசையாக விடை கேட்டாள். நான் சொல்லச் சொல்ல டிக் போட்டாள். இந்தக் கணக்கு வந்தது.

"A கூட்டல் B இன்னா வந்துச்சி?"

"ரெண்டு x² மைனஸ் ஒம்பது x பிளஸ் ஒம்பது."

"அது கயித்தலோட விட."

"ரெண்டுத்துக்குமே அதுதான் வந்துச்சி," என்றேன் பெருமையாக.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "கூட்டுன்னு சொன்னா அப்டியே கூட்ட வேண்டியதுதான? நாலு x² மைனஸ் x மைனஸ் அஞ்சி. அங்க எதுக்கு குறிய மாத்தின?"

"இன்னிக்கி வெள்ளிக்கெயம ஆச்சே," என்றேன்.

"அதுக்கு?"

"அம்மாதான் குறிய மாத்திக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சி."

தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் இந்த அம்மாவாலதான். வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயமன்னு சொல்லிச் சொல்லி, உனுக்கு எதுக்கு மாத்தணும், எதுக்கு மாத்தக் கூடாதுன்னே தெரியாம பூட்ச்சி."

அம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எப்போதும் பால் பொங்கினால் நல்லது என்பவள் அன்று அடுப்பைத் துடைக்கத் துணி தேடினாள்.

கார்த்திகையில் மார்க் வந்தது. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து வாங்கியிருந்தால் பாஸ். சரியாக மூன்று மார்க் குறைவு, எந்த மூன்று என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் அழவில்லை. அழுதால் அம்மாவுக்குச் சந்தோஷமாகப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். இந்த முறை கத்திரிக்காய் இல்லை. தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, மாம்பழக் கலரில் ஒரு புடவை. நைனா பாய் போட்டார். மாமா கொஞ்ச நேரம் மோட்டாரைப் பற்றிப் பேசினார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். அம்மா அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"தை பொறந்ததும் நாள் பாத்துடலாமாக்கா?"

அம்மா கையில் இருந்த தீக்குச்சியைத் தரையில் தேய்த்து அணைத்தாள். "பொண்ணு இல்லடா," என்றாள்.

தங்கை சட்டென்று விளக்கைத் திரும்பிப் பார்த்தாள், அணைந்துவிட்டதா என்று. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, இன்னிக்கி வெள்ளிக்கெயம," என்றார் மாமா. பெண் இல்லை என்பதை விட அதுதான் அவரை அதிகம் உலுக்கியது என்று நினைக்கிறேன்.

"தெரியும். வெளக்குக்கு எதுர்லதான் நிக்கிறன். இல்லன்னா இல்லன்னுதான சொல்லணும். அவ நர்சுக்குப் படிக்கணும்னு நெனைக்கிறா. அந்த மூணு மார்க்கு என்னாலதான் போச்சி. மார்ச்சில மறுக்கா எய்தட்டும். நீ வேற எடத்துல பாரு, நானே வந்து முன்னால நின்னு நடத்தி வெக்கிறன்."

நைனா மேலே கூரையைப் பார்த்தார். மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிக்கா," என்றார். நல்ல மனுஷர் என்று நான் சொன்னது பொய் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, புடவையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு மாதமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல், மனதுக்குள் சதிகாரி என்று ஏசி, அவள் போட்ட சோற்றை முறைத்துக்கொண்டே தின்றிருக்கிறேன். அவளோ உண்மையாகவே விளக்குக்குப் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை எனக்காக விட்டுவிட்டாள். மார்ச்சில் நான் ஐம்பத்தொன்று வாங்கியதும் பயிற்சிக்குப் போனதும் எல்லாம் பிறகு நடந்தவை. அன்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அம்மா வந்து என் நோட்டை விளக்கடியில் வைத்தாள்.

"அயுவாத. கணக்கு போடு."

"எந்தக் கணக்குமா?"

"கயித்தல்தான். இப்பவே போடு. நான் இங்கயேதான் ஒக்காந்துகீறன்."

அவளுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. நான் பத்தாவது கணக்கை முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.